பேரேடு, வளவு, ஊருணி: புதுத் தொழில்நுட்பத்தை உங்கள் ஆராய்ச்சிக்குள் கொண்டுவருவது எப்படி

ஆராய்ச்சியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்க துறையில ஏஐயை எப்படிக் கொண்டு வரலாம்?" வரலாற்றுத் துறை, புவியியல், கட்டடக்கலை, வேதியியல், தமிழ் என்று எங்கிருந்து வந்தாலும் இதேதான். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு எது தெரிய வேண்டும், அதைக் கையால் செய்தால் எத்தனை மாதம் ஆகும், கருவி ஒரு விடை சொன்னால் அது சரிதானா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால் கருவியைத் தொடவே வேண்டாம் என்பேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றித்தான் போகும்.

காரைக்குடிப் பக்கம் படிக்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு பக்கம் 1985-இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். இந்த இரண்டையும் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள், ஆயிரக்கணக்கான வீடுகள், பரண்மேல் கிடக்கும் பேரேடு எனும் கணக்குப் புத்தகங்கள், ஊருக்கு ஊர் ஊருணி எனும் குடிநீர்க் குளங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆராய்ச்சிப் பொருளைத் தேடி வெளியூர் போக வேண்டிய தேவையே இல்லை, பேருந்தில் அரை மணி நேரம் போதும்.

முதலில் பேரேடு

நான் அதிக நாள் கழித்தது இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-இல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்து சேர்ந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கடனாக, எந்த மாதம் எந்தப் பற்று நின்றுபோனது என்று பார்க்க வேண்டுமென்றால் பேரேட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு விலாசத்துக்கே, அதாவது ஒரு வணிக நிறுவனத்துக்கே, இருபது முப்பது புத்தகம் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து படித்து முடிக்கிற காரியமா அது? இந்த இடத்தில்தான் கையெழுத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் உதவுகிறது.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று டிரான்ஸ்கிரிபஸ்: இணையத்தில் கணக்குத் தொடங்கிப் படத்தை ஏற்றினால் போதும், தொடங்குவது எளிது, ஆனால் உங்கள் படங்கள் வெளிநாட்டுச் சர்வருக்குப் போகும். இன்னொன்று ஈஸ்கிரிப்டோரியம், அதற்குள் ஓடும் கிராக்கன்: இரண்டும் இலவசம், திறந்த மூலம். நிறுவுவதற்குக் கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவர் வேண்டும், அதன்பின் எல்லாம் உங்கள் ஆய்வகத்துக்குள்ளேயே நடக்கும். பிறர் வீட்டுக் கடன் கணக்கைக் கையாளுகிறீர்கள் என்பதால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

புத்தகத்தை எப்படிப் படம் எடுப்பது? ஃபிளாஷ் போடாதீர்கள். வீட்டு முகப்பிலோ பட்டாலை எனும் கூடத்திலோ பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, புத்தகத்தை 'ட' மாதிரி பாதி மட்டும் திறந்து வையுங்கள், முதுகை அமுக்கி விரிக்க வேண்டாம், நூல் விட்டுவிடும். கேமரா தாளுக்கு நேர் மேலே, இணையாக இருக்கட்டும். கோப்புக்குப் பெயர் வைப்பதை அன்றைக்கே முடியுங்கள்: ஊர், விலாசம், புத்தக எண், பக்க எண். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட படங்களை மூன்று மாதம் கழித்து எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிக்க முடியாமல் நான் மறுபடியும் போய் எடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுச் சாவி அதற்குள் சிங்கப்பூர் போயிருந்தது.

அடுத்து, கருவிக்குக் கற்றுக்கொடுப்பது. டிரான்ஸ்கிரிபஸ்காரர்கள் சொல்லும் அளவு 5,000 முதல் 15,000 சொற்கள். அத்தனையையும் நீங்களே படித்து, வரிக்கு வரி தட்டச்சு செய்து தர வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஆராய்ச்சியின் பாதி இங்கேயே நடந்துவிடும். பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, குறில் நெடில் எகர ஒகரம் பிரியாது, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். "கடன" என்று எழுதியிருப்பதை அப்படியே அடிப்பதா, "கடன்" என்று திருத்தி அடிப்பதா? ஏட்டில் உள்ளபடியே அடியுங்கள், திருத்திய வடிவத்தைத் தனிக் கோப்பில் வையுங்கள். முதலிலேயே திருத்திக் கொடுத்தால் கருவி எதைப் பார்த்து எதைச் சொல்கிறது என்று பிறகு உங்களுக்கே புரியாது.

எண்கள் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 325 என்பது ஏட்டில் ௩௱௨௰௫ என்று இருக்கும். ௧-உம் க-வும், ௨-உம் உ-வும், ௭-உம் எ-வும், ௮-உம் அ-வும் கையெழுத்தில் கிட்டத்தட்ட ஒரே உருவம். எங்கள் முதல் சோதனையில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கருவி "2" என்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. என்னடா இது, எல்லாப் பக்கத்துக்கும் இரண்டா என்று பார்த்தால், பிள்ளையார் சுழி. சுழிக்கென்று தனிக் குறி ஒன்று வைத்துப் பத்துப் பக்கம் கூடுதலாகக் கற்றுக்கொடுத்ததும் சரியானது. வருடம் ௵, மாதம் ௴, நாள் ௳, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹ ஆகிய குறிகள் யூனிகோடில் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். முந்திரி, காணி, மா, வீசம் போன்ற பின்னக் குறிகள் 2019-இல் வந்த யூனிகோடு 12-இல்தான் சேர்ந்தன. உங்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, கருவி படித்துக் கொடுத்துவிட்டது. "எழுத்துப் பிழை 3 சதவீதம்தான்" என்று திரையில் வரும், மகிழ்ச்சியாக இருக்கும். கதையோ கடிதமோ என்றால் அது நல்ல மதிப்பெண். கணக்குக்கு அது போதாது. நூறு எழுத்தில் மூன்று தப்பு என்றால், நான்கு எழுத்தில் எழுதிய ஒரு தொகை முழுக்கச் சரியாக இருக்கும் வாய்ப்பு 88 சதவீதம்தான். ஒன்பது தொகையில் ஒன்று தப்பு. அதை வைத்து வட்டி விகிதம் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நல்லவேளையாகப் பேரேடு தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் புத்தகம். பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை இருக்கிறது, வரவும் பற்றும் இருப்புநிலைக் கணக்கான ஐந்தொகையில் ஒத்துப்போக வேண்டும். கருவி படித்த வரிகளைக் கூட்டி, கருவி படித்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடச் சின்னதாக ஒரு நிரல் எழுதுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பதை அந்த நிரலுக்குள் வைத்துவிடுங்கள், 1957 ஏப்ரல் வரை அதுதான் கணக்கு. கூட்டு ஒத்துப்போகாத பக்கத்தை மட்டும் மனிதக் கண் பார்த்தால் போதும். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை போட்டுவைத்த கூட்டு இன்றைக்கு உங்கள் கருவிக்குப் பரீட்சை வைக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தேதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. "பிரமோதூத ௵" என்று இருந்தால் அது 1930-ஆகவும் இருக்கலாம், 1870-ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டுச் சுற்று. கருவிக்கு இது தெரியாது. தாள், மை, கூடவே வரும் பெயர்கள், ஊர் இவற்றை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, கற்றுக்கொடுத்த கையெழுத்திலேயே சோதித்தால் மதிப்பெண் அழகாகத்தான் வரும். வேறு ஒருவர் கையெழுத்தில் சோதியுங்கள். எங்களிடம் இருந்த ஒரு புத்தகத்தை இரண்டு பேர் எழுதியது என்று பிரித்து வைத்திருந்தோம். அச்செடுத்த பக்கங்களை அந்த வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிமேல் ஓட்டி, "இது எங்க அப்பச்சி எழுத்து. இது மேலாள் எழுத்து. இங்கன பாரு தம்பி, 'ள' சுழிச்சிருக்கறது வேற மாதிரி, இது அடுத்தாளு" என்றார். மேலாளும் அடுத்தாளும் கடையில் இருந்த மூத்த, இளைய பணியாளர்கள். ஆக மூன்று பேர் கை. திரும்பி வந்து பிரித்துச் சோதித்தபோது, பிழை முழுக்க அந்த மூன்றாவது கையில்தான் குவிந்திருந்தது.

வீட்டை முப்பரிமாணத்தில் எடுப்பது

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, பட்டாலை, நடு முற்றமான வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, தேக்குத் தூணும் கதவும் விலைக்குப் போகிற வீடுகள் எத்தனையோ. இடிவதற்கு முன்னால் அளந்து வைப்பதே ஒரு ஆராய்ச்சி. செல்போன் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்ய மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் இலவசம். மெஷ்ரூமுக்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். அது இல்லையென்றால் காகிள், கொலாப் போன்ற தளங்கள் இலவசமாகத் தரும் ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் செயலியில்) கோல்மேப்பை ஓட்டலாம், நேரம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்.

படத்துக்குப் படம் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், எந்த மூலையும் குறைந்தது மூன்று படத்தில் தெரிய வேண்டும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து சுழன்று எடுக்காமல், ஒவ்வொரு அடியாக நகர்ந்து எடுங்கள். வளவில் பத்து மணி வெயில் நேராக விழுந்தால் பாதிப் படம் வெளுத்துப் போகும், விடிந்த உடனே போய்விடுங்கள், இல்லை மூட்டமான நாளாகப் பாருங்கள்.

இனி நான் செய்த தப்பு. முதல் வீட்டில் அறுநூறு படத்துக்கு மேல் எடுத்தேன். இரவெல்லாம் கணினி ஓடியது, காலையில் பார்த்தால் சுவரில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, தூண்கள் மெழுகு உருகியது போல் நிற்கின்றன. காரணம் எளியது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும், தூணிலும் அதே பளபளப்பு, போதாக்குறைக்கு எதிரே பெல்ஜியம் கண்ணாடி. மென்பொருள் ஒரு புள்ளியை அடுத்தடுத்த படங்களில் தேடிப் பிடித்துத்தான் இடத்தைக் கணிக்கிறது, பளபளப்பில் தெரியும் பிம்பம் நாம் நகரும்போது தானும் நகர்ந்துவிடும். அப்புறம் போனபோது கண்ணாடிகளை வேட்டியால் மூடினோம், தூணைச் சுற்றி எடுக்கும்போது பிம்பம் விழாத கோணமாகப் பார்த்து நின்றோம், வெறும் சுவருக்கு முன்னால் பழைய செய்தித்தாள் விரித்த பலகைகளை அங்கங்கே சாத்தி வைத்தோம். சுவரில் எதையும் ஒட்டாதீர்கள், அந்தப் பூச்சு ஒட்டுத்தாளோடு பெயர்ந்து வந்துவிடும்.

நீண்ட வீட்டில் இன்னொரு சிக்கல்: முன்வாசலில் தொடங்கிப் பின்வாசலில் முடித்தால் சின்னச் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து, வீடே லேசாக வளைந்து வரும். போன வழியே திரும்பி வந்து, வெளித்தெரு வழியாகவும் ஒரு சுற்று எடுத்து, தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். அளவு நாடாவால் மூன்று நீளங்களை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டை மென்பொருளுக்குக் கொடுங்கள், மூன்றாவதைக் கொடுக்காமல் கையில் வைத்திருங்கள். உருவம் தயாரானதும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் அந்த மூன்றாவதை அளந்து பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறதோ, அதுதான் ஆய்வேட்டில் நீங்கள் எழுத வேண்டிய பிழை அளவு. ஐபோன் புரோவில் உள்ள, ஒளியால் தூரம் அளக்கும் லைடார் ஐந்து மீட்டர் வரைதான் எட்டும், ஒரு அறைக்குச் சரி, இரண்டு மாடி உயர முகப்புக்குப் போதாது. படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சி செய்யும், 2023-இல் வந்த காசியன் ஸ்ப்ளாட்டிங் முறையில் கண்ணாடியும் பளபளப்பும் அசலாகத் தெரியும், பார்க்க அவ்வளவு அழகு. வீட்டாருக்குக் காட்ட அதை வைத்துக்கொள்ளுங்கள், அளவு எடுக்க வேண்டாம்.

ஊருணியும் செயற்கைக்கோளும்

புவியியல், சுற்றுச்சூழல் படிப்பவர்களுக்கு இது. சென்டினல்-2 செயற்கைக்கோள் 2015-லிருந்து படம் அனுப்புகிறது. ஒரு கட்டம் 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம். கூகுள் எர்த் எஞ்ஜினில் கல்வி ஆராய்ச்சிக்கு இலவசமாகப் பார்க்கலாம். பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டால் நீர் எங்கே என்று தெரியும், பத்து வரி நிரல் போதும். பெரிய பாசனக் கண்மாய்க்கு இது அருமையாக வேலை செய்யும்.

ஊருணிக்கு அப்படியில்லை. 60 மீட்டருக்கு 60 மீட்டர் உள்ள ஊருணி படத்தில் வெறும் 36 கட்டம்தான், அதில் 20 கட்டம் கரையோரம். பாதிக்கு மேல் தண்ணீரும் படித்துறையும் மண்ணும் கலந்த கட்டங்கள். அதை வைத்து "நீர்ப்பரப்பு 12 சதவீதம் குறைந்தது" என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. "இந்த மாதம் தண்ணீர் இருந்ததா, இல்லையா" என்று மட்டும் கேளுங்கள், அதற்கு நம்பகமான விடை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும், ஊருணி நிறைவதும் அந்த மாதங்களில்தான். அப்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்துக்கு மாறுங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஊருணியைக் கருவி புல்வெளி என்று சொல்லிவிடும், அதனால் ஐந்தாறு ஊருணிக்காவது நேரில் போய், தேதியோடு ஜிபிஎஸ் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். போகும்போது கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் எந்த வருடம் வற்றியது என்று கேளுங்கள், படத்தில் தேட வேண்டிய மாதத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மற்றவை சுருக்கமாக. ஆத்தங்குடிக் கல் எனும் தரைக்கல்லின் நிறங்களையும் பழைய வீடுகளில் பதித்த இறக்குமதி ஓடுகளின் மெருகையும் ஆராய விரும்பும் வேதியியல் மாணவர்களுக்குக் எக்ஸ் கதிரால் தனிமங்களைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்-ஆர்-எஃப் கருவி நல்ல துணை. கல்லை உடைக்காமல் இரும்பு, குரோமியம், கோபால்ட், ஈயம் எது இருக்கிறது என்று சொல்லும், ஆனால் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும், கார்பன் போன்ற லேசான தனிமங்கள் அதன் கண்ணில் படாது. ஆத்தங்குடிப் பட்டறையில் கலவை தெரிந்த புதுக்கல் ஒன்றை வாங்கி முதலில் அதை அளந்து பாருங்கள். உங்கள் துறையில் கருவி இல்லையென்றால் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தேடி முன்பதிவு செய்யலாம். ஆச்சிகளின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்க விஸ்பரும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் மாதிரிகளும் இருக்கின்றன. வட்டாரப் பேச்சும் உறவுமுறைச் சொற்களும் வரும்போது இரண்டுமே தடுமாறும், ஒலியைக் கேட்டுக்கொண்டே திருத்தத்தான் வேண்டும். உயிரியல் பக்கம் புரத வடிவத்தைக் கணிக்கும் ஏஐயான ஆல்ஃபாஃபோல்டு 20 கோடிக்கு மேற்பட்ட புரத வடிவங்களைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பிக்கை மதிப்பெண் இருக்கிறது, 50-க்குக் கீழே உள்ள பகுதியை வடிவம் என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாட்ஜிபிடி மாதிரியானவற்றை நிரல் எழுதவும் பிழை தேடவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மேற்கோள் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இருப்பது போலவே தலைப்பும் ஆண்டும் பக்க எண்ணும் தந்துவிடும், அதை நம்பிய ஒரு நல்ல ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். அசல் கட்டுரைகளைத் தேட இப்போது வழி இருக்கிறது: 2025 ஜனவரி முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன, உங்கள் நூலகரிடம் கேளுங்கள்.

அனுமதியும் அடுத்த துறையும்

வீட்டுக்கு ஒரு சாவி இருக்கும், பங்காளிகள் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார் என்பது அனுமதி ஆகாது. என்ன படம் எடுக்கிறோம், எங்கே வைப்போம், எதை வெளியிடுவோம் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பங்காளிகளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, ஒவ்வொருவரிடமும் சரி வாங்குங்கள். "படத்தை எடுத்துட்டுப் போய் எங்க போடுவ தம்பி? யார் யாருக்குக் கடன் பட்டிருந்தாங்கன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்று அதே ஆச்சி முதல் நாள் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. கடன் வாங்கியவர் பெயரை மறைத்துக் குறியெண் கொடுத்து, பெயர்ப் பட்டியலை வீட்டாரிடமே விடுவதாக எழுதிக்கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

அடுத்த துறையிடம் உதவி கேட்கப் போகும்போது "ஏஐ பண்ணணும் சார்" என்று போகாதீர்கள். பத்துப் பக்கம், அந்தப் பத்துக்கும் நீங்களே கையால் படித்த விடை, ஒரே ஒரு கேள்வி, இதை எடுத்துக்கொண்டு போங்கள். கணினி அறிவியல்காரர்களுக்குத் தேவைப்படுவதே இப்படிச் சரிபார்த்த தரவுதான், அது உங்களிடம் இருக்கிறது என்றால் உங்களைத் தேடி வருவார்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

முடிந்ததும், வெளியிடலாம் என்று வீட்டார் சொன்னவற்றை மட்டும் ஆய்வுத் தரவுகளைச் சேமிக்கும் ஸெனோடோ தளத்தில் ஏற்றுங்கள், இலவசம், நிலையான எண்ணும் கிடைக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்கள் 1994-க்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் நூலகமாக நின்றதால்தான் இன்றைக்கு நாம் அவற்றைப் படிக்கிறோம். வீட்டாருக்கு ஒரு பென் டிரைவ் கொடுங்கள். பென் டிரைவ் மேசை டிராயருக்குள் போய்விடும் என்பதால், பேரேட்டின் நல்ல நாற்பது பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கட்டித் தைத்து, கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்கு அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் குறித்துக்கொள்ள ஒரு பென்சிலும் எடுத்துப் போங்கள்.